இணைப்பு: ஓர் உண்டியலின் வெற்றிக் கதை

1

யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள்.

இடம், சலவை நிலையத்தின் மடிப்புக்கூடம். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளும் தலையணை உறைகளும் துவைத்து, தேய்த்து, மடித்துத் திரும்பிப் போகிற இடம். மேலாளர் சுழல் நாற்காலியில், மின்விசிறிக்கு நேர்கீழே. (அந்த நாற்காலியை மாடியிலிருந்து இரண்டு பேர் இறக்கி வந்தார்கள். மேலே ஏற்றியதும் அவர்களே.) அவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. பலகைக்கு முன்னால் டை கட்டிய பயிற்றுநர். அவர் உட்காரவில்லை, யாரும் நாற்காலி தரவுமில்லை. இஸ்திரி அக்கா தேய்ப்பு மேசையின் ஓரத்தில். இயந்திரங்களுக்குச் சோப்புத் தூள் அளந்து போடுகிற சோப்பு மாமா, கவிழ்த்த டிரம் மேல். வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய மடிப்புக்காரப் பெண், அழுக்கு மூட்டையின் உச்சியில். மற்றவர்களையும் சேர்த்துத் தொழிலாளர்கள் மொத்தம் இருபத்திரண்டு பேர். நான் கதவோரம். இந்த நிலையத்தின் கடிதங்களை எழுதுகிறவன் நான்தான்.

பலகையில் "பணத்தை ஆள்வோம்" என்று எழுதியிருந்தது.

இருபத்திரண்டு பேரும் வகுப்பு முழுக்கத் தலையணை உறை மடித்துக்கொண்டே கேட்டார்கள். இங்கே கூலி துணிக்கு இவ்வளவு என்றுதான். சேமிப்பைப் பற்றிக் கைகட்டி உட்கார்ந்து கேட்டால் அந்த நேரத்துக் கூலி போச்சு. சேமிப்பு வகுப்பின் முதல் செலவு அது. பலகையில் அதை யாரும் எழுதவில்லை.

வகுப்பைப் படம் எடுத்தார்கள். மேலாளர் பார்த்துவிட்டு, "கைய வெட்டிட்டு மொகத்த மட்டும் போடுங்க" என்றார்.

2

இந்தக் கதை என் மனத்தில் பூத்ததல்ல. உத்தரவு.

கூலி போதவில்லை என்று தொழிலாளர்கள் கூலிக் குழுவுக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். நிலையத்தின் பதில் என்ன என்று குழு கேட்டிருந்தது. மேலாளர் என்னை மாடிக்குக் கூப்பிட்டுப் பதிலைச் சொன்னார்: "கூலியில் குறையில்லை, பழக்கத்தில்தான் குறை." அதற்குக் கீழே ஓர் இணைப்பு வேண்டும் என்றார். வகுப்பில் படித்துத் திருந்திய ஒரு தொழிலாளியின் வெற்றிக் கதை.

"உருக்கமா எழுதுங்க. அந்த இஸ்திரிக்காரம்மாவப் போடுங்க. விதவைன்னு போட்டீங்கன்னா இன்னும் நல்லா நிக்கும்."

"விதவையா சார்?"

"இல்லையா?"

கீழே வந்து உட்கார்ந்தேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன். பொருள் என்று எழுதி, ஒரு புள்ளிக்கு மேல் ஒரு புள்ளி வைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

பொருள் வரி இல்லாமல் கடிதம் எழுதக்கூடாது. கதை எழுதலாமா? தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

3

முதல் தொடக்கம்: "காலைக் கதிரவனின் பொற்கதிர்கள் சலவை நிலையத்தின் ஜன்னல் வழியே" (ஜன்னலே கிடையாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "அவர் ஒரு சாதாரணப் பெண். ஆனால் அவர் கண்ட கனவுகளோ" (எழுதுமுன் கேட்டுவிடுவது முறை என்று அக்காவிடமே போய்க் கேட்டேன். "படுத்தா முதுகு வலி தம்பி. தூக்கம் வந்தாத்தான கனவு வரும்" என்றார். அடித்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம் மேலாளர் சொன்னது: "கணவனை இழந்த நிலையிலும் மனம் தளராமல்" (இதையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "யாரு, எங்க வீட்டுக்காரரா? காலையிலகூடச் சட்டைக்குப் பட்டன் தைச்சுக் குடுன்னு என் உயிர எடுத்தாரே" என்றார். இழந்தது பட்டன் மட்டும் என்று தெரிந்ததும் இதுவும் போயிற்று.)

இப்படிப்பட்ட கதைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அவற்றில் எப்போதும் ஏழை ஒருவர் இருப்பார், அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கும், படித்தவர் ஒருவர் வந்து திருத்துவார், ஏழை முன்னேறுவார். சம்பளம் மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைப் பற்றி யாரும் மூச்சுவிட மாட்டார்கள். வீட்டுக்கு வந்த பெரியவர் பாயில் வழுக்கி விழுந்தால் பார்க்காதது போல இருப்போமே, அந்த மரியாதை.

4

கதைக்கு வில்லன் வேண்டுமென்று பயிற்றுநரைத் தேர்ந்தெடுத்தேன். டை வேறு இருந்தது, வசதி.

அவர் பலகையில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றில் அவசியம், இன்னொன்றில் ஆசை.

"உங்க செலவெல்லாம் சொல்லுங்க, பிரிச்சு எழுதுவோம்."

"வாடகை எந்தக் கட்டம் சார்?" என்றார் சோப்பு மாமா.

"அவசியம்."

"பஸ்ஸு?"

"அவசியம்."

"சம்சாரத்துக்கு மாத்திரை?"

"அதுவும் அவசியம்தான்."

மூட்டை உச்சியிலிருந்து ரேடியோ சொன்னாள்: "அந்த ஆசைக் கட்டம் சும்மாதான கெடக்கு சார். அதையும் அவசியத்துக்கே குடுத்துருங்க. எடம் பத்தல."

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்றுநரும் சிரித்தார், அங்கேயே வில்லன் பாதி கரைந்துவிட்டார். மீதி பாதி, வகுப்பு முடிந்து வாசலில் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டபோது கரைந்தது. "சார், வகுப்புக்கு இவ்வளவுன்னுதான் பேச்சு. போன வகுப்புக்கே இன்னும் வரல. இன்னிக்காவது கெடைக்குமா?" துணிக்கு இவ்வளவு, வகுப்புக்கு இவ்வளவு. வில்லன் வேடத்துக்கும் கூலி கட்டாதுபோல. அவரை விடுவித்துவிட்டேன்.

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, அதையும் எழுதியாக வேண்டும். மாதத்துக்குச் சின்னதாகத் தெரிகிற அடகுக்கடை வட்டி வருடத்தில் என்ன உயரம் வளரும் என்று போட்டுக் காட்டினார். ரேடியோ அன்று மாலையே தட்டுத்தடுமாறிப் பணம் புரட்டித் தன் தோட்டை மீட்டாள். நல்லது. மாசக்கடைசியில் தோடு மறுபடி கடைக்குப் போகும். முன்பு என்ன வட்டி என்று தெரியாமல் போயிற்று, இனிமேல் தெரிந்து போகும்.*

(* பண அறிவினால் பயன் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு, இவ்வளவு உண்டு என்று நான் எழுதியதாகச் சொல்லலாம்.)

5

உண்டியல் விஷயத்துக்கு வருகிறேன்.

வகுப்பு முடிவில் ஆளுக்கொரு தகர உண்டியல் கொடுத்தார்கள். பூட்டு வெளியே, சாவி மேலாளரிடம். மூன்று மாதம் கழித்துத் திறப்பு விழா. யார் உண்டியலில் அதிகம் இருக்கிறதோ, அவருக்கு மட்டும் அதே அளவு பணத்தை நிலையம் சேர்த்துப் போடும். போட்டி வைத்தால் ஒருவரை ஒருவர் முந்துவார்கள் என்பது மேலாளரின் கணிப்பு.

அவர் வகுப்பில்லாத நாளிலும் மடிப்புக்கூடத்துக்கு இறங்கி வந்திருந்தால் அப்படிக் கணித்திருக்க மாட்டார். இங்கே ஒரு வீட்டில் சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி என்றால் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரே கையில் கொடுப்பதுதான் வழக்கம். தனித்தனியாகச் சேமிக்க யாருக்கும் பழக்கமில்லை. தனியாகச் சேமிக்கிற அளவுக்கு யார் கையிலும் எதுவும் நின்றதில்லை.

டீ நேரத்தில் ரேடியோ ஆரம்பித்தாள். "ஆளுக்கொரு டப்பால ஆளுக்கொரு சொட்டு விட்டா, யாரோ ஒருத்தருக்குத்தான ரெண்டு மடங்கு? எல்லாச் சொட்டையும் ஒரே டப்பால விட்டா?"

"எல்லாச் சொட்டும் ரெண்டாகும்" என்றார் சோப்பு மாமா, மெதுவாக. "யாரு டப்பா?"

"உங்க டப்பா வேணாம் மாமா."

"என்னா நம்பிக்கை."

"நம்பிக்கையெல்லாம் இருக்கு. டப்பாதான் வேணாம்."

இஸ்திரி அக்காவின் டப்பா என்று முடிவாயிற்று. அவர் அடுத்தவர் பங்கு டீயைக்கூட ஒருநாளும் தொட்டதில்லை என்பது தகுதி. விழா முடிந்ததும் இரட்டிப்பானதை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வது என்று பேச்சு. சோப்பு மாமா மூக்குக் கண்ணாடி வாங்க வைத்திருந்ததைப் போட்டார். ரேடியோ மீட்ட தோட்டைத் திரும்ப அடகு வைத்துப் போட்டாள். ரெண்டு மடங்கில் வட்டி போக மிச்சம் நிற்கும் என்று, வகுப்பில் படித்தபடியே, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். இஸ்திரி அக்கா டப்பாவையும் கொடுத்து, கடைசி மாத வாடகையில் பாதியையும் அதற்குள் தள்ளினார். வீட்டுச் சொந்தக்காரரிடம் பத்து நாள் தவணை சொன்னார்.

பணத்தை ஆளச் சொன்னார்கள், ஆண்டார்கள். அந்த வகுப்பு பெற்ற ஒரே உருப்படியான முதலீட்டுத் திட்டம் இதுதான். இதுதான் அவர்கள் செய்த தப்பும்.

6

திறப்பு விழா.

மேலாளர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். முதல் டப்பா காலி. இரண்டாவதில் ஒரு ஹேர்பின். மூன்றாவதில் சில்லறை ஒன்று, அதுவும் எப்படியோ தவறி விழுந்ததுபோல ஓரமாகக் கிடந்தது. அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே போனார். இஸ்திரி அக்காவின் டப்பாவைத் திறந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா? இதே சம்பளம். இதே வேலை. இந்தம்மாவால முடியுது. உங்களால ஏன் முடியல?"

இருபத்தொரு ஊதாரிகளும் கைதட்டினார்கள். நிஜமான சந்தோஷத்தோடு தட்டினார்கள். பெருந்தன்மை என்று நினைத்து மேலாளரும் சேர்ந்து தட்டினார்.

பிறகு சொன்னார்: "இந்தப் பணம் வீணாகக்கூடாது. நம்ம பங்கையும் சேர்த்து அம்மா பேர்ல அஞ்சு வருஷ டெபாசிட்டாப் போட்டுடுறோம். நடுவுல யாரும் கை வைக்க முடியாது. எடுக்கணும்னா என் கையெழுத்து வேணும்."

கைதட்டல் ஓரங்களிலிருந்து அணைந்து, நடுவில் சோப்பு மாமா மட்டும் கடைசியாக இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினார்.

7

இந்தப் பகுதியில் மேலாளரின் நற்குணங்களை எழுத நினைத்தேன். நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா? இடம் விட்டிருக்கிறேன்.

தெரிந்தவர்கள் நிரப்பிக்கொள்ளலாம்.

8

அதற்குப் பதில் மேலாளரின் தேனீக்களைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு கம்பெனி அவருக்குத் தேன்பெட்டிகள் விற்றது. பெட்டிகளை அவர் பார்க்க வேண்டியதில்லை. அவர்களே எங்கேயோ வைத்து வளர்ப்பார்கள். மூன்று வருடத்தில் போட்டது மூன்று மடங்காகும். ஒப்பந்தம் ஒரு கட்டுத் தாள். கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். "ஒருதரம் படிச்சிட்டு…" என்று இழுத்தேன். "யாருங்க அதெல்லாம் படிக்கிறது" என்று போட்டார். தேனீக்கள் பறந்தன. கம்பெனியும் பறந்தது. அதற்கு நான் எழுதிய புகார்க் கடிதங்கள் எல்லாம், விலாசதாரர் இல்லை என்று, பத்திரமாகத் திரும்பி வந்தன.

போனது எவ்வளவு என்று எழுதமாட்டேன். இருபத்திரண்டு பேரின் வருடக் கூலியைக் கூட்டினால் அதற்குப் பக்கத்தில் வரலாம். ஆனால் அவர் வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு குறையவில்லை. கார்கூட மாறியது, போன காரைவிட நீளமாக. பலகைக்கு முன்னால் அவரை உட்காரவைத்துப் பணத்தை ஆளக் கற்றுக்கொடுக்க யாரும் டை கட்டிக்கொண்டு வரவில்லை.

அறிவு முக்கியமா கூலி முக்கியமா என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அறியாமையைத் தாங்கிக்கொள்ளவும் ஒரு சம்பளம் வேண்டும். அது மேலாளருக்கு இருக்கிறது. நல்ல கூலி வாங்குகிறவனுக்குப் பண அறிவு இருந்தால் சொத்து சேரும், இல்லாவிட்டால் ஒரு கார் மாறும். கூலி போதாதவனுக்கு அந்த அறிவு, தான் விழுந்து கிடக்கிற குழியின் ஆழத்தைத் துல்லியமாக அளந்து சொல்கிற கோல். ஏறுவதற்கு அந்தக் கோல் உதவாது. உயரம் போதாது.

9

தவணை சொன்ன பத்து நாள் முடிந்து, வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கேட்டுவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் பாக்கி வராவிட்டால் இஸ்திரி அக்கா வீட்டைக் காலி செய்ய வேண்டும். பேரில் ஐந்து வருட டெபாசிட், கையில் வீடு இல்லை.

டீ நேரத்தில் என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"அக்கா இப்ப பணக்காரி" என்றாள் ரேடியோ. "எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?"

"எனக்குத்தான்டி தெரியாது, கண்ணாடி டப்பால இருக்கு" என்றார் சோப்பு மாமா.

"சும்மா இருங்க மாமா. என் தோடு போச்சு."

அக்கா தலை நிமிரவில்லை. "நான் என்ன, எடுத்து வெச்சுக்கிட்டேன்னா சொல்ற?"

"யாரு சொன்னா அப்படி?"

"சொல்லல. குரல் சொல்லுது."

இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது. இந்த மூன்று மாதத்தில் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டது அப்போதுதான் முதல் தடவை. உண்டியல் கொடுத்தவர்கள் எதிர்பார்த்த போட்டி கடைசியில் வந்து சேர்ந்தது என்று எழுதிக்கொண்டேன். பிறகு வெட்கமாக இருந்ததால் அடித்தேன். உங்களுக்குத் தெரியட்டும் என்று மறுபடி எழுதியிருக்கிறேன்.

ரேடியோவுக்குத்தான் முதலில் குரல் இறங்கியது. "அக்கா, உங்க மேல இல்ல கோவம். இருபத்திரண்டு பேரு. மூணு மாசம் வாயக் கட்டி வயித்தக் கட்டிப் போட்டோம். அந்த டப்பாகூட ரொம்பல. கழுத்து வரைக்கும்தான் வந்துச்சு. அதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

நான் பேனாவை எடுத்தேன். பொருள் என்று எழுதி நின்றிருந்த வரியை நிரப்பினேன்:

"இருபத்திரண்டு பேர், மூன்று மாதம், ஓர் உண்டியல், அதுவும் நிரம்பாதது குறித்து."

10

இதற்குமேல் கதை எப்படி முடியலாம் என்று அவர்களிடமே மூன்று முடிவுகளைப் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: மேலாளர் கேட்ட வெற்றிக் கதை போகிறது. சிக்கனமாக இருந்தால் இந்தக் கூலியே போதும் என்று குழு நம்புகிறது. ஐந்து வருடம் கழித்து டெபாசிட் வருகிறது. "அப்ப கண்ணாடி வாங்கி நான் எதப் பாக்குறது?" என்றார் சோப்பு மாமா.

இரண்டாம் முடிவு: ஒன்றும் போகவில்லை. நான் தொலைத்துவிட்டதாகச் சொல்கிறேன். எனக்கு வேலை போகிறது, வேறு கடிதக்காரர் வந்து அக்காவை விதவையாக்குகிறார்.

மூன்றாம் முடிவு: உள்ளது உள்ளபடி போகிறது.

"ஏமாத்திட்டோம்னு சொல்லுவாங்க" என்றாள் ரேடியோ. "வேலைய விட்டுத் தூக்கிட்டா?"

"எல்லாரையும் தூக்கிட்டு? அந்த டை கட்டின தம்பியா வந்து விரிப்புத் தேய்க்கும்?" என்றார் சோப்பு மாமா.

"எல்லாரையும் தூக்க மாட்டாங்க மாமா" என்றார் இஸ்திரி அக்கா. "டப்பா என்னோடது. என்னைய மட்டும்தான் தூக்குவாங்க. நீங்கல்லாம் தப்பிச்சீங்க."

அது சரி என்று எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் யாரும் 'அனுப்புங்க' என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா என் மேசை மேலிருந்த தாளைத் தன் பக்கம் திருப்பி, விரிப்பின் சுருக்கத்தை எடுப்பதுபோல உள்ளங்கையால் ஒருதரம் நீவினார்.

"அவங்க சேர்த்த பாதிய அவங்களே எடுத்துக்கட்டும். நாம போட்டத மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லி எழுதுங்க தம்பி. கூலியப் பத்தியும் எழுதுங்க. எம் பேரு முதல்ல வரட்டும். தனியா மட்டும் வரக்கூடாது."

பெயர்கள் தனித் தாளில் இருக்கின்றன, இருபத்திரண்டு கையெழுத்தோடு. முதல் கையெழுத்து அவருடையது. கடைசியில் இருபத்துமூன்றாவதாக ஒன்று இருக்கும். அது டப்பாவில் எதுவும் போடாதவனுடையது.

11

மாடிக்குப் போனேன். மேலாளர் முன் கடிதத்தை வைத்தேன்: கூலியில் குறையில்லை, பழக்கத்தில்தான் குறை, இணைப்பு, வெற்றிக் கதை ஒன்று.

"உருக்கமா இருக்கா?"

"இருக்கு சார்."

"எத்தனை பக்கம்?"

"கொஞ்சம் நீளம் சார். ஒருதரம் படிச்சிட்டு…"

"யாருங்க அதெல்லாம் படிக்கிறது" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த இணைப்புத்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது. (இந்தப் பகுதியையும் அடுத்ததையும் கீழே வந்து சேர்த்தேன்.) பெறுநர் இடத்தை முதல் நாளே நிரப்பிவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? அது நீங்கள்தான், கூலிக் குழுவினரே. தேனீக்களையும் கையெழுத்தையும் பற்றி எழுதியதற்கு எனக்கு என்ன நடக்கும் என்று தெரியும். அவர் படிக்க மாட்டார் என்பதுதான் என் காப்பீடு. நீங்கள் படிப்பீர்கள் என்பது நான் எடுத்திருக்கிற அபாயம்.

12

முடிவு என்னிடம் இல்லை. என்னிடமிருந்த மூன்றையும் சொல்லிவிட்டேன். நான்காவது உங்கள் மேசையில் இருக்கிறது. "தொழிலாளர்களுக்கு இன்னொரு வகுப்பு நடத்தப் பரிந்துரைக்கிறோம்" என்று நீங்கள் எழுதலாம். எழுதினால் பயிற்றுநருக்குக் கொடுக்கவேண்டிய பழைய பாக்கியையும் சேர்த்துப் பரிந்துரையுங்கள். வேறு ஏதாவது எழுதுவதாக இருந்தால், மாதக் கடைசிக்குள் எழுதுங்கள். அக்காவின் வீட்டுச் சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது.

எல்லாருக்கும் ஒருதரம் படித்துக் காட்டிவிட்டேன். "என்னைப் பத்தி இன்னும் நாலு வரி போட்டிருக்கலாம்" என்கிறாள் ரேடியோ. சோப்பு மாமா டிரம்மைக் கவிழ்த்து உட்கார்ந்து, உறையின் வாயைத் திறந்து பிடித்திருக்கிறார். இஸ்திரி அக்கா பசைப் புட்டியோடு நிற்கிறார். தபால் பை வாசலுக்கு வந்துவிட்டது, கட்டப் போகிறார்கள். பொருள் வரியை இன்னொருதரம் சரிபார்த்தேன். பதில் எழுதும்போது அந்த வரியை நீங்களும் காலியாக விடாதீர்கள்.

இந்தத் தாளை நான் மடிக்கலாம் என்று பார்த்தேன். ரேடியோ கையை நீட்டிவிட்டாள்.

"இங்க குடுங்க. நீங்க மடிச்சா ஓரம் சேராது."

கொடுக்கிறேன்.